வெட்டிய இரண்டு நாள்

ஆன்ட்ரூஸ் வந்து எதிரே உட்கார்ந்தபோது இசபெல்லுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை, ஆச்சரியம். ஒரு மனிதனுக்கு முகத்தில் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? கோயிலில் கல்யாண ஓலை வாசித்த பிறகு தான் கைவிட்ட பெண்ணின் ஆபீசுக்குள், சொந்த மச்சினி வீட்டுக்குள் நுழைகிறவனைப் போல, “மக்கா, ஒரு சாயா சொல்லு” என்று கேட்டுக்கொண்டே வருகிறவனை என்ன செய்ய?

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது அவளுடைய ‘கடலரசி டிராவல்ஸ்’. வளைகுடா டிக்கெட், வேளாங்கண்ணி பஸ், ஜெருசலேம் யாத்திரை என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது. நேபாளம் பிறகுதான் வந்தது. திருவட்டாறு பெருமாள் கோயில் பக்தர்கள் சிலர் முக்திநாத் போகவேண்டும் என்று வந்து நின்றார்கள். கத்தோலிக்கக்காரி பெருமாளைக் காட்டக் கூட்டிக்கொண்டு போகிறாளே என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களும் மறுவருஷம் அவளிடம்தான் டிக்கெட் எடுத்தார்கள். அந்தப் போக்குவரத்தில்தான் காத்மாண்டுவில் பாசங் என்ற வழிகாட்டி பழக்கமானான். மலையில் காற்று மெலிந்துபோனால் மனிதன் என்ன ஆவான் என்பதையும் அப்போதுதான் அவள் கண்ணால் பார்த்தாள். நன்றாகப் பேசிக்கொண்டு வந்த ஒரு பெரியவர் முக்திநாத் படியில் உட்கார்ந்து, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். கீழே இறக்கியதும் சரியாகிவிட்டார். அவள்தான் ஒரு வாரம் தூங்கவில்லை.

“எவரெஸ்ட் அடிவாரம் வர போணும்,” என்றான் ஆன்ட்ரூஸ். “நானும் கூட்டாளிமாரு ரெண்டு பேரும். மேல நிண்ணு எங்க போட்டுக்காரர் சங்கத்துக்க கொடியப் பிடிச்சு ஒரு போட்டோ. நாகர்கோவில்ல ஒரு டாக்டர் போயிட்டு வந்து பேஸ்புக்குல போட்டுருக்கான், கண்டியா? அவனால முடியும்னா நமக்கு முடியாதா?”

இப்போது அவனுக்கு மூன்று விசைப்படகு, ஒரு ஐஸ் பிளான்ட். கழுத்தில் சங்கிலி. இளம் வயதில் அவன் பாறையில் முங்கி சிப்பி எடுத்தவன். ஒருமுறை முங்கினால் கரையில் நிற்பவர்கள் ஜெபம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள், அவ்வளவு நேரம் கழித்துத்தான் தலை தெரியும். இசபெல்லும் அந்த நாட்களில் கரையில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள்தான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வரும்.

நடந்தது இதுதான். தொண்ணூற்றாறில், புதுக்கடைக்குத் தெற்கே அவர்களுடைய கடற்கரை ஊர்க் கோயிலில் அவர்கள் இருவருக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பெயர்களை வாசிப்பார், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்பார். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது வாசிக்கவில்லை. பெண்ணுக்கு வலிப்புத் தீனம் உண்டு, மறைத்துவிட்டார்கள் என்று ஆன்ட்ரூஸ் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டான். அடுத்த மாதமே ஸ்மிதா என்கிற பெண்ணைக் கட்டினான். அவள் அப்பாவுக்கு ஐஸ் பிளான்ட் இருந்தது. இசபெல்லின் அப்பா சூசை அன்று முதல் சொந்த ஊர்க் கோயிலில் பூசை காணவில்லை. பக்கத்து ஊர்க் கோயிலில் கடைசி வரிசையில் நின்றே செத்துப்போனார். இசபெல்லைப் பெண் கேட்டு அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. ஜலதோஷத்துக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத உடம்பு அவளுக்கு.

“அதெல்லாம் பழைய காரியம், பாத்துக்க,” என்று அவனாகவே சொன்னான் ஆன்ட்ரூஸ். “நம்ம ஆளுன்னு நம்பி வந்திருக்கேன். கொறச்சுப் போட்டுக் குடு.”

இசபெல் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினாள். அவள் வேலையில் கள்ளம் கிடையாது. காத்மாண்டு வரை விமானம், அங்கிருந்து லுக்லாவுக்குச் சிறு விமானம், வனத்துக்குள் நுழைய அனுமதி, வழிகாட்டி, சுமைகாரர், தங்கும் விடுதி, படுக்கைப் பை வாடகை, மீட்பு இன்சூரன்ஸ். மேலே போகப் போகச் சாயாவின் விலைகூட ஏறும் என்று அதற்கும் தனியாகத் தொகை வைத்திருந்தாள். வழியில் நாம்சேயில் ஒரு நாள், டிங்போச்சேயில் ஒரு நாள், நடக்காமல் சும்மா இருக்கவேண்டும்.

“சுண்டைக்காய் காப்பணம், சுமைகூலி முக்காப்பணம்,” என்று சுமைகாரரில் ஒருவரை வெட்டினான். இன்சூரன்சில் வந்து நின்று, “இது எதுக்கு? சாவப் போறவனுக்கில்லா இன்சூரன்ஸ்” என்று அதையும் வெட்டினான். பிறகு அந்த இரண்டு நாட்களில் விரலை வைத்தான். “சும்மா இருக்கதுக்கு நான் ரூம் வாடகையும் சோறும் வழிகாட்டிக்குக் கூலியும் குடுக்கணுமா? இது என்ன கணக்கு மக்கா?”

“ஒடம்பு அந்தக் காத்துக்குப் பழகதுக்கு,” என்றாள் இசபெல். “இல்லன்னா மூச்சு முட்டும்.”

ஆன்ட்ரூஸ் விழுந்து விழுந்து சிரித்தான். “எனக்கா? எனக்கா மூச்சு முட்டும்? ஏட்டி, நீ கரையில நிண்ணு கண்டவளுல்லா!”

அவன் மூளை எப்படி ஓடியது என்று அவளுக்குத் தெரியும். அவளும் அதே கரையில் பிறந்தவள். கரையில் மீன் ஏலத்துக்கு வரும்போது முதலில் கூவுகிற விலையை எவனும் கொடுக்கமாட்டான், கொடுத்தால் அவன் மடையன். பாதியில் தொடங்கி ஏறவேண்டும். அந்த இரண்டு நாளும் ஏலக்காரன் கூட்டிக் கூவிய விலை என்றுதான் அவன் நினைத்தான். மலை ஏலம் போடாது என்று அவனுக்கு யார் சொல்வது?

அவள் சொல்லலாம். முக்திநாத் போக வந்தவர்களிடம் எப்படிச் சொன்னாள்! அந்தப் பெரியவர் கதையைக் கண்ணை உருட்டிச் சொல்லி, டாக்டர் சர்ட்டிபிகேட் இல்லாமல் டிக்கெட் போடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். ஒருநாளைக் குறைக்கச் சொன்ன ஒரு ஜவுளிக்கடை முதலாளியை, “அப்ப வேற ஏஜென்சி பாருங்க” என்று எழுப்பியே விட்டாள். அதே கதை இப்போதும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எதிரே இருப்பவன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ ஒன்று இறுகியது. ஒரு தடவை சொன்னேன், போதும். முங்குகிறவன் முங்கட்டும்.

“செரி,” என்றாள். “வெட்டியாச்சு.”

முன்பணம் கொடுக்க வந்தது ஸ்மிதா. வெளுத்த, ஒடுங்கிய பெண். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, “அக்கா, பயப்பட ஒண்ணும் இல்லியே?” என்று கேட்டாள்.

“கூட்டிட்டுப் போறவன் நல்லவனாக்கும்,” என்றாள் இசபெல். பொய் இல்லை. பாசங் நல்லவன்தான். அன்று இரவு அவள் நன்றாகச் சாப்பிட்டாள், மீன்குழம்பில் இரண்டாம் முறை சோறு பிசைந்தாள். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டால், இல்லை. இத்தனை வருஷம் யாருக்கும் உறுத்தாத மனசாட்சி தனக்கு மட்டும் எதற்கு உறுத்தவேண்டும் என்று இருந்தது.

அக்டோபர் மாதம், காலை ஆபீசைத் திறந்து மாதா படத்துக்கு விளக்குப் போடும்போது பாசங்கின் அழைப்பு வந்தது. லொபூச்சே என்ற இடத்திலிருந்து பேசினான். அவனுக்கு இந்தி, அவளுக்குப் பாதி இந்தி, மீதி ஆங்கிலம். கூட்டாளிகள் இருவரும் தலைவலியால் டிங்போச்சேயிலேயே நின்றுவிட்டார்கள். ஆன்ட்ரூசால் நடக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு வாங்குகிறது, இருமலில் நுரை வருகிறது. உடனே கீழே இறங்கவேண்டும். ஹெலிகாப்டர்தான் நல்லது, வானம் இப்போது தெளிவாக இருக்கிறது, மேகம் ஏறிவிட்டால் பறக்கமாட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாததால் யாராவது பொறுப்பு ஏற்கவேண்டும் என்கிறார்கள். “நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், மேடம். காத்மாண்டுவுல உங்க பேர நம்புவாங்க.”

ஒரு வார்த்தை. அதை அவள் சொல்லவில்லை. “இரு, ஏற்பாடு பண்ணிட்டுக் கூப்பிடறேன்” என்று போனை வைத்தாள். வைத்துவிட்டு ஸ்மிதாவைக் கூப்பிட்டு, புருஷனுக்கு உடம்பு சரியில்லை, நேரில் வா என்று மட்டும் சொன்னாள்.

ஸ்மிதா வருகிறவரை நாற்காலியில் அசையாமல் இருந்தாள். அவன் சாகவேண்டும் என்றுகூட அவள் அப்போது நினைக்கவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வேண்டும். அதை அவன் பெண்டாட்டி கேட்கவேண்டும், அவள் வழியாக ஊர் கேட்கவேண்டும். அப்பா கடைசி வரிசையில் நின்ற ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் அவன் பதில் சொல்லவேண்டும். பாசங் இரண்டாம் முறை கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை.

ஸ்மிதா காரிலிருந்து இறங்கிப் படியில் ஓடிவந்தாள், ஒரு காலில் செருப்பு இல்லை. இசபெல் கதவைச் சாத்தி, போனை மேசை நடுவில் வைத்து, சத்தம் இருவருக்கும் கேட்கும்படி செய்தாள். பாசங்கிடம் ஆன்ட்ரூசின் காதில் வைக்கச் சொன்னாள். முதலில் வந்தது மூச்சுச் சத்தம்தான். ஓட்டைப் பம்பில் காற்றடிக்கிற சத்தம்.

“ஆன்ட்ரூஸ், நான் இசபெல். ஒனக்க பெஞ்சாதி இஞ்ச இருக்கா. கேக்கியா?”

“இசபெல்லு... ஹெலிகாப்டர்... சொல்லு மக்கா...”

“சொல்லியேன். அதுக்கு முன்ன நீ ஒண்ணு சொல்லணும். சாமியாருகிட்ட என்னப் பத்தி நீ என்ன சொன்ன?”

“எந்தச் சாமியாரு...”

“ஓலை நிண்ணப்ப. என்ன சொன்ன?”

மூச்சு, இருமல், மறுபடி மூச்சு. ஸ்மிதா மேசையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, மொதல்ல ஹெலிகாப்டர் சொல்லுங்க, ஒங்க காலுல விழுகேன்” என்று அழுதாள். இசபெல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீ... என்ன சொல்லணும்னு நெனைக்கியோ சொல்லு... நான் அப்பிடியே சொல்லியேன்...”

“நான் சொல்லித் தரமாட்டேன். நீயாச் சொல்லணும்.”

பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது. “பொய்யாக்கும்... வலிப்பு இல்ல... அவளுக்கு ஒரு தீனமும் இல்ல... நான் சொன்னது பொய்...”

எத்தனை வருஷம் இதைக் கேட்கக் காத்திருந்தாள்! உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஒரு குளிர்ச்சி இறங்கியது. சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை. அந்தச் சந்தோஷத்தோடே ஸ்மிதாவின் முகத்தைப் பார்க்கத் திரும்பினாள். இடி விழுந்த முகத்தைப் பார்க்கத்தான் திரும்பினாள்.

ஸ்மிதா அழுதுகொண்டிருந்தாள். ஆனால் புதிதாக எதையும் கேட்டவளின் முகமாக அது இல்லை.

“அக்கா, இது எல்லாரும் அறிஞ்ச காரியமில்லா,” என்றாள். “பொய்யின்னு எனக்கு அப்பவே அறியும். எங்க அப்பாதான் அப்பிடிச் சொல்லச் சொன்னது. ஒரு காரணம் வேணும்லா? சாமியாருகூட நம்பல்ல. ஊருல யாரு நம்புனா?”

“நம்பல்லியா?” என்றாள் இசபெல். “அப்ப ஏன் ஒருத்தனும் என்னப் பெண்ணு கேட்டு வரல்ல?”

“ஓலை நிண்ண பெண்ணுல்லா அக்கா...” ஸ்மிதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அதாக்கும். இப்ப சொல்லுங்க அக்கா, ஹெலிகாப்டர் சொல்லுங்க.”

இசபெல் போனை எடுத்து, பொறுப்பு என்னுடையது, அனுப்பச் சொல் என்றாள். பாசங் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். மேகம் ஏறிவிட்டதாம், இனி நாளைக்குத்தான் பறப்பார்களாம். “கொஞ்சம் முன்னால சொல்லியிருக்கலாம், மேடம்,” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. சுமைகாரர்கள் மாறி மாறி முதுகில் தூக்கிக்கொண்டு பெரிச்சே வரை இறங்கப்போகிறார்கள், அங்கே ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது, வழியில் போன் கிடைக்காது என்று சொல்லி வைத்தான்.

ஸ்மிதா தரையில் முழங்காலிட்டு ஜெபமாலையை எடுத்தாள். ஜெபமாலையை ஒருத்தி முதல் பாதி சொன்னால் மற்றவள் மறுபாதி சொல்லவேண்டும். ஸ்மிதா முதல் பாதியைச் சொல்லிவிட்டு நின்றாள். இசபெல் வாய் திறக்கவில்லை. ஸ்மிதா மறுபாதியையும் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த மணி, அடுத்த மணி என்று அப்படியே போனது.

ஜன்னல் வழியே பஸ்களைப் பார்த்துக்கொண்டு நின்ற இசபெல்லுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரையெல்லாம் வெறுக்காமல் விட்டுவிட்டோம் என்று எண்ணிப் பார்த்தாள். யாத்திரை போய்வந்து அவள் கொடுத்த மிட்டாயை வாங்கித் தின்ற பக்கத்து வீட்டுக்காரி. அப்பாவின் அடக்கத்தில் சிலுவை பிடித்து முன்னால் நடந்தவன். வேளாங்கண்ணி பஸ்ஸில் முன் சீட்டு கேட்டு வாங்குகிறவர்கள். அத்தனை பேரும் அறிந்திருந்தார்கள். அறிந்துகொண்டே அவளைப் பார்த்து, “பாவம், நல்ல பிள்ளை” என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்பியிருந்தால்கூட மன்னித்திருக்கலாம்.

இப்போது இவன் செத்தால் என்ன ஆகும்? ஊர் அவனுக்குக் கொடிபிடித்து அடக்கம் செய்யும். மலையில் உயிர்விட்ட வீரன் என்று போட்டுக்காரர் சங்கம் பிளக்ஸ் வைக்கும், கல்லறைக்குச் சலவைக்கல் போடும். அவனைக் கொன்றது அவள்தான் என்று ஸ்மிதா ஊரெல்லாம் சொல்வாள். பொய் சொன்னவன் புண்ணியவான் ஆகிவிடுவான், அவள் கொலைகாரி ஆவாள். அதை நினைத்ததும் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஸ்மிதாவுக்குப் பின்னால் போய் முழங்கால் போட்டாள். சாகாதே நாயே, செத்து என்னை ஏமாற்றாதே என்று மனசுக்குள் வைதுகொண்டே மறுபாதியைச் சொன்னாள். ஸ்மிதா திரும்பிப் பார்த்து, கண்ணீரோடு தலையசைத்தாள்.

மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் இல்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் சத்தம் தெருவில் அடங்கிய பிறகுதான் போன் அடித்தது. பாசங் சிரித்தான். இறக்கிவிட்டார்கள், ஆக்சிஜன் கொடுத்தார்கள், பயம் இல்லை, சூப் குடித்தார் என்றான். ஸ்மிதா மாதா படத்தின் முன்னால் நெற்றியை முட்டிக்கொண்டாள். இசபெல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இசபெல்லு!” ஆன்ட்ரூசின் குரல். கம்மியிருந்தாலும் அவன் குரல்தான். “நான் செத்திருப்பேன்னு நெனைச்சியா? கடல்ல முங்குனவனாக்கும். பின்ன, ஹெலிகாப்டர் வரல்ல, கேட்டியா? அந்தப் பைசா நமக்கு மிச்சம்.”

அவள் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள்.

“இண்ணைக்குக் காலத்த நீ என்னமோ கேட்டியே,” என்றான் அவன். “தல ஒரே கிறுகிறுப்பு. என்ன கேட்ட, நான் என்ன சொன்னேன், ஒண்ணும் ஓர்மையில்ல. என்னதாக்கும் அது?”

இசபெல் ஸ்மிதாவைப் பார்த்தாள். ஸ்மிதா தரையைப் பார்த்தாள்.

“எனக்கிட்ட எதுக்குக் கேக்க?” என்றாள் இசபெல். “அறிஞ்சவ இஞ்ச நிக்கா. அவ சொல்லுவா.”

போனை ஸ்மிதாவின் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். பிறகு எழுந்துபோய், சாத்தியிருந்த கதவை அகலத் திறந்து வைத்தாள். கீழே மருந்துக்கடையில் ஆட்கள் நின்றார்கள். மாடிப்படியில் டிக்கெட் வாங்க வந்த இரண்டு பேர், அவர்கள் ஊர்க்காரர்கள்தான், செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள வாங்க,” என்றாள் அவர்களிடம். “இருங்க. ஸ்மிதா ஒரு காரியம் சொல்லப்போறா.”

ஸ்மிதா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்த இருவரும் அவள் வாயையே பார்த்தார்கள். மறுமுனையில் அவன், “ஹலோ, ஹலோ, என்னட்டி, ஏன் மிண்டாம நிக்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.